காக்ளியர் அறுவை சிகிச்சையோடு புது மருந்தா?

"காதுக்கு ஊசி வந்துடுச்சாமே, ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?" காது கேளாத பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. தள்ளிப்போடக் கூடாது.

திறந்த வழியில் செலுத்தும் செல்கள்

உள்காது பட்டாணி அளவுதான். உடம்பின் மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. மருந்தைச் சோதிப்பதற்கென்றே அதைத் திறப்பது எளிதல்ல. காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தும்போது அந்த வழி எப்படியும் திறக்கப்படுகிறது. ஆராய்ச்சியாளர்கள் அந்த நேரத்தைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

உள்காதில் பழுதான செல்களைத் தாண்டி, செவி நரம்பை மின்துடிப்பால் நேரடியாகத் தூண்டுகிறது இம்ப்ளான்ட். நரம்பே நலிந்திருந்தால் எத்தனை நல்ல கருவியானாலும் பேச்சு தெளிவாக விளங்காது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் மார்செலோ ரிவோல்டா குழுவினர், மனிதக் கருமூலச் செல்களிலிருந்து (ஸ்டெம் செல்) வளர்த்த நரம்பு முன்னோடிச் செல்களை ஜெர்பில் எலிகளின் காதில் செலுத்தி, கேட்கும் திறன் ஓரளவு மீண்டதை 2012-ல் காட்டினர். அந்த வழியில் வந்த ரின்ரி நிறுவனம், பெரியவர்களுக்கு இம்ப்ளான்ட் பொருத்தும்போதே இத்தகைய செல்களைச் செலுத்திப் பார்க்க 2025-ல் பிரிட்டனில் அனுமதி பெற்றது. இம்ப்ளான்ட்டை ஒதுக்கிவிட்டு அல்ல, அதோடு சேர்த்துத்தான் என்பதைக் கவனியுங்கள். இம்ப்ளான்ட்டின் மின்முனையிலேயே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சேர்த்து, அறுவைக்குப் பின் வரும் அழற்சியைக் குறைக்கும் முயற்சியும் நடக்கிறது.

அந்த 'ஊசி' யாருக்கு?

ஷாங்காயில் மரபணு மருந்தைக் காதில் ஊசியாகப் பெற்ற 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கும் திறன் மேம்பட்டதாக 2024-ல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஆனால் அது ஓட்டோஃபெர்லின் மரபணுக் கோளாறுக்கு மட்டுமே. பிறவியிலேயே காது கேளாதவர்களில் சிறு பகுதியினருக்கே அக்கோளாறு இருக்கும்.

திருவண்ணாமலையில் என்ன செய்யலாம்?

"ஆம்பளைப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டுக் காத்திருந்தால், மூளை பேச்சைப் பழகும் முதல் மூன்று ஆண்டுகள் வீணாகிவிடும். அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொள்ளுங்கள், அதே வாரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கும் போய் வாருங்கள். கேட்கும் திறனை அறியும் ஓ.ஏ.இ., பெரா பரிசோதனைகளில் வலி கிடையாது. தகுதியுள்ள, 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். கருவியைப் பொருத்திவிட்டால் மட்டும் பேச்சு வந்துவிடாது. கேட்கவும் பேசவும் பயிற்சி வேண்டும். வீட்டில் இடைவிடாமல் குழந்தையோடு பேசுவதும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

'ஸ்டெம் செல் போட்டால் கேட்கும்' என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதற்குரிய எண்ணைக் கேளுங்கள். முறையான சோதனையில் சோதனை மருந்துக்குப் பணம் வாங்க மாட்டார்கள்.