உளிச் சத்தம் ஓயாத அரும்பாவூர்! கோடை வந்தால் தேர் வேலை. லீவு விட்டால் கலைப் பாடம்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரம்பலூர் பஸ் நிலையத்தில் மோருக்கும் நுங்குக்கும் ஏக கிராக்கி. ஆபீசில் ஃபேனுக்கு அடியில் இருக்கிற நாற்காலிக்குப் போட்டா போட்டி!

ஆனால், 'வெயிலாச்சே, கொஞ்சம் ஓய்வு எடுப்போம்' என்ற பேச்சுக்கே இடமில்லாத ஊர் ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. வேப்பந்தட்டை தாலுகாவில், பச்சமலை அடிவாரத்தில் உள்ள அரும்பாவூர்தான் அது.

பட்டறைத் தெருவில் நுழைந்தால் முதலில் காதில் விழுவது "டொக்... டொக்..." என்ற சத்தம். மர உளியின் தலையில் கொட்டாப்புளி விழுகிற சத்தம் அது. தரையெல்லாம் மரச் செதில். திண்ணையில் பாதி முகம் வந்த பிள்ளையார். சுவரோரம் தலை மட்டும் முடிந்த யாளி. அம்மனுக்குக் கை இன்னும் வரவில்லை!

கோடை என்றால் ஏன் இவ்வளவு அவசரம்? காரணம் எளிது. பங்குனி, சித்திரை, வைகாசி - மூன்றும் திருவிழா மாதங்கள்.

தேருக்கு நாள் குறித்தாச்சு!

அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளுக்கு ராமநவமியை ஒட்டித் திருவிழா. பெரம்பலூர் பக்கம் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்குச் சித்திரைத் திருவிழா. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கிற அந்தக் கோவிலில் திருவிழா என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! வீரமாமுனிவர் தங்கிப் பணி செய்த ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவும் தேரில்தான் பவனி வருகிறார்.

தேர் ஓடுகிற ஊரில் எல்லாம் மர வேலை இருக்கும். புதுத் தேர் செய்ய வேண்டும். பழைய தேரில் இற்றுப்போன பலகையை மாற்ற வேண்டும். குதிரைக்குக் காது உடைந்திருக்கும். வாகனத்துக்கு வால் போயிருக்கும். "மாமா, தேரோட்டத்துக்கு நாள் குறிச்சாச்சு. எப்படியாவது முடிச்சுக் கொடுங்க" என்று வந்து நிற்கிறவரை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா?

தேரின் அடிப்பாகத்தில் இரும்பு நுழைந்து நாளாகிவிட்டது. திருச்சி பெல் ஆலை பல கோவில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. ஆனாலும் அச்சுக்கு மேலே இருக்கிற தெய்வத்தையும் யாளியையும் இரும்பாலையால் தர முடியவில்லை. அதற்கு உளி பிடித்த கைதான் வர வேண்டும்.

ஒரே கட்டை!

அரும்பாவூர் வேலையில் விசேஷம் என்ன? சிற்பத்தை ஒரே கட்டையில் செதுக்குவதுதான். கையைத் தனியாகச் செய்து ஒட்டுவது, காலைத் தனியாகச் செய்து ஆணி அடிப்பது என்ற வேலை இல்லை. வாகை, மா, வேம்பு போன்ற மரங்கள் பயன்படுகின்றன.

பச்சை மரத்தில் உளி வைத்தால் பிற்பாடு வெடித்துவிடும். ஆகவே மரத்தை நிழலில் காயப் போட வேண்டும். வெளிப்பக்கத்து வெளிறை நீக்கிவிட்டு, உள்ளே இருக்கும் வைரத்தில்தான் வேலை செய்ய வேண்டும். அனல் காற்று நேராகப் பட்டாலும் ஆபத்து. கோடையில் மரம் சீக்கிரம் காயும். கொஞ்சம் அசந்தால் சீக்கிரம் பிளக்கவும் செய்யும்!

அப்புறம் கணக்கு. தாலம் என்பது முகத்தின் நீளம். நவதாலம் என்றால் உருவத்தின் உயரம் முகத்தைப் போல் 9 மடங்கு. 27 அங்குலச் சிலைக்கு முகம் 3 அங்குலம். கண், மூக்கு, மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இப்படிப் பங்கு உண்டு. முதலில் கோடு போட்டுக் கொள்கிறார்கள். பெரிய உளியால் உருவத்தைத் திரட்டுகிறார்கள். பிறகு சின்ன உளியால் நகை, மடிப்பு, விரல் நகம் வரை வருகிறார்கள். ஒரு அடி தப்பினால் மூக்கு போச்சு! ஒரே கட்டை ஆச்சே, ஒட்டவா முடியும்?

பிள்ளைகளுக்குப் பாடம்

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு. பட்டறையில் பெரியவர் செதுக்க, பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்க்கிறான். கழிவுக் கட்டையில் ஒரு பூ, ஒரு இலை என்று அவனுக்கு முதல் பாடம். "தம்பி, மரம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு. அதுக்கு எதிரா உளியைத் தள்ளாதே." இந்தப் பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பட்டறை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 வயது முதல் 16 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். சனி, ஞாயிறுகளில் பரதம், பாட்டு, ஓவியம், கைவினை என்று வகுப்புகள். லீவில் கோடைக் கலை முகாமும் உண்டு. குமாஸ்தா பிள்ளையும் கடைக்காரர் பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து படம் போடுகிறார்கள். செல்போனை நோண்டிய விரலில் வர்ணம் ஒட்டுகிறது. அம்மாக்களுக்கு நிம்மதி!

மேலே படிக்க ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு மாமல்லபுரம் இருக்கிறது. 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பள்ளி இன்று கல்லூரியாக வளர்ந்து, மரபுச் சிற்பக் கலைக்குப் பட்டமே தருகிறது.

கொரோனாவில் வந்த கௌரவம்

2020 மே மாதம் அரும்பாவூருக்கு ஒரு நல்ல சேதி வந்தது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு! தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் அதே சமயத்தில் கிடைத்தது. டார்ஜிலிங் தேயிலைக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் இருக்கிற அதே அந்தஸ்து.

ஆனால் வேளை எப்படி இருந்தது தெரியுமா? ஊரடங்கு! தேர் இல்லை, திருவிழா இல்லை, பஸ்கூட இல்லை. கௌரவம் வாசலில் வந்து நின்றது. ஆர்டர் கொடுக்க ஆள் வரவில்லை. 2021 கோடையிலும் திருவிழாக்களுக்குத் தடை. திருவிழாவை நம்பிய கைகள் அடுத்தடுத்து இரண்டு சித்திரையைச் சும்மா கழிக்க நேர்ந்தது.

குறியீடு கிடைத்ததாலேயே எல்லோருக்கும் லாபம் வந்துவிடாது. அந்தப் பெயரை அதிகாரபூர்வமாகப் போட்டு விற்க வேண்டுமானால், ஒவ்வொரு கலைஞரும் சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் பயனாளராகத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். பதிவுக்கு ஆயுள் 10 ஆண்டு. பிறகு புதுப்பிக்க வேண்டும். செதுக்கத் தெரிந்த கைக்கு விண்ணப்பம் எழுதுவதுதான் மலைப்பு!

இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் மெஷின் வந்து நிற்கிறது. படத்தைக் கொடுத்தால் பலகையில் அது மளமளவென்று குடைந்து தள்ளுகிறது. விலையும் மலிவு. கடைக்கு வருகிற ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது ஏங்க இவ்வளவு விலை?" என்று கேட்டால் கலைஞர் என்ன பதில் சொல்வார்?

வாரிசு எங்கே?

ஆக, எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். அடுத்து உளியை யார் பிடிப்பது?

2025 ஏப்ரலில் தமிழக அரசு கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்ச ரூபாய் வரை கடன். 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் மானியம். ஆனால் வயது 35 ஆகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை.

'அதற்குள் பையன் வேறு வேலைக்குப் போய்விடுவானே!' என்று தோன்றலாம். நிபந்தனைக்கும் காரணம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி கொண்டு வந்த கல்வித் திட்டத்தை, பாதி நேரம் அப்பன் தொழில் படிக்கச் சொல்கிற 'குலக்கல்வி' என்று தமிழ்நாடே எதிர்த்தது. அடுத்த ஆண்டே காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. பிள்ளைகள் படிப்பை விட்டுக் குலத்தொழிலில் மாட்டிக் கொள்ளக் கூடாது என்ற கவலை இன்னும் மறையவில்லை. அது நியாயமான கவலை.

படிப்பும் போகக் கூடாது, கலையும் சாகக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வழிதான் இந்தக் கோடை லீவு. பள்ளிக்கூடம் திறக்கும் வரை உளி, திறந்தபின் புத்தகம். அப்பன் தொழில் என்பதற்காக அல்ல, பிடித்திருக்கிறது என்பதற்காகக் கற்றுக் கொள்ளலாம். எந்த வீட்டுப் பிள்ளையும் கற்றுக் கொள்ளலாம்.

வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கல்யாணத்துக்கோ, புதுமனைப் புகுவிழாவுக்கோ மரச் சாமி வாங்கப் போனால் சிலையைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டு இருக்கிறதா? உளி பட்ட தடம் தெரிகிறதா? இரண்டு சிலையும் அச்சுக் குத்தினாற்போல் ஒன்றாக இருக்கின்றனவா? கை வேலை என்றால் ஒரு பிள்ளையார் சிரிப்பது போல் இன்னொரு பிள்ளையார் சிரிக்க மாட்டார்!

பேரம் பேசுவதற்கு முன்னால் அந்த ஒரே கட்டையையும், அதில் தப்பாமல் விழுந்த அடிகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக் கொண்டால் போதும்.

திருவிழா முடிந்தால் தேர் நிலைக்கு வந்துவிடும். உளி மட்டும் நிலைக்கு வந்துவிடக் கூடாது!