எஞ்சினின் மூச்சுவழியும் கரைப்பான்களும்

உடம்பிற்கு உணவு இன்றியமையாததாயினும், உணவினும் முற்பட வேண்டப்படுவது மூச்சு. மோட்டார் வண்டியின் எஞ்சினும் அத்தகையதே. வண்டி பெட்ரோலால் ஓடுகின்றதென்று உலகோர் கூறுவர். ஆயின், ஒரு பங்கு பெட்ரோல் செவ்வனே எரிதற்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அஃதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றென்க. இத்துணைக் காற்றும் புகும் வழியில் மாசு படியுமாயின் எஞ்சின் திணறுதல் இயல்பேயன்றோ? அம்மாசினைக் கரைப்பான்கள் கொண்டு நீக்கும் முறையையும், அம்முறையின் எல்லையையும் ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

காற்றானது முதற்கண் வடிகட்டியிற் புகும். பின்னர்த் தன் அளவைக் கணித்தறியும் சென்ஸாரைக் கடந்து, திராட்டில் என்னும் வாயிலை அடையும். ஆக்ஸிலேட்டர் மிதிக்கேற்பத் திறந்தும் மூடியும் காற்றை அளவுசெய்து விடும் வட்டத் தகடே திராட்டில் ஆகும். அதனைக் கடந்த காற்று கிளைக் குழாய்களாற் பிரிந்து, வால்வுகளின் வழியே சிலிண்டரினுட் செல்லும்.

வடிகட்டி தூசியைத் தடுப்பதாயிற்றே, மாசு எங்ஙனம் வந்தது எனின், கூறுதும். அம்மாசிற் பெரும்பகுதி புறத்தினின்று வருவதன்று. எஞ்சினின் அகத்தே பிறப்பது. பிஸ்டன்களைக் கடந்து கீழே கசியும் வாயு, அங்குள்ள எண்ணெயின் ஆவியையும் உடன்கொண்டு எழும். அதனை வெளியே விட்டால் ஊர்க்காற்று கெடுமாதலின், மீண்டும் மூச்சுவழியிலேயே செலுத்தி எரித்துவிடுமாறு எஞ்சினை அமைத்துள்ளனர். ஊருக்கு நன்மை பயக்கும் அவ்வேற்பாடே எஞ்சினின் தொண்டையில் எண்ணெய்ப் பிசுக்கைப் படியச் செய்கின்றது.

எண்ணெய் நீரிற் கரையாது. தன்னை ஒத்த நீர்மங்களிலேயே கரையும். அதனாலன்றோ அஸிட்டோன், டாலுயீன், ஸைலீன் முதலியவற்றைக் கலந்து, தெளிப்பான் குப்பிகளில் அடைத்து விற்கின்றனர். ஆயினும், மூச்சுவழி முழுதிற்கும் ஒரே குப்பி போதுமென்று கருதுவது பெரும்பிழை. இடந்தோறும் மாசின் தன்மை வேறு. அது படிந்த பொருளின் தன்மையும் வேறு.

முதலாவது, காற்றளக்கும் சென்ஸார். பல வண்டிகளில் இதன் உயிர்நிலை, மின்னாற் சூடேற்றப்பெற்ற நுண்ணிய பிளாட்டினக் கம்பியாகும். கடக்குங் காற்று அதனை எவ்வளவு குளிர்விக்கின்றதென்பதைக் கொண்டே காற்றின் அளவு அறியப்படும். கம்பியின் மேல் மெல்லிய படலம் படிந்தாலும் கணக்குப் பிழைக்கும். கார்புரேட்டருக்கென ஆக்கிய கடுங்கரைப்பான் இதன் பிளாஸ்டிக் உறுப்புகளைச் சிதைத்தலுங் கூடும். எச்சம் விடாது உலர்வதும் இதற்கெனவே ஆக்கப்பட்டதுமான கரைப்பானை மட்டும் தெளித்தல் வேண்டும். கையாலேனும் துணியாலேனும் கம்பியைத் தீண்டலாகாது. முற்றும் உலருமுன் மின்னிணைப்புத் தருதலும் ஆகாது.

இரண்டாவது, திராட்டில். கரைப்பானின் ஆற்றல் நன்கு விளங்குமிடம் இதுவே. தகட்டின் விளிம்பிற் படிந்த பிசுக்கு, வண்டி நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடுதற்கு வேண்டிய சிறுகாற்றை மறிக்கும். எஞ்சின் நடுங்கும், சிலவேளை நின்றும்போம். எஞ்சினை நிறுத்தி, அது நன்கு ஆறிய பின்னர், கரைப்பானை மெல்லிய துணியில் நனைத்து விளிம்பைத் துடைத்தலே தக்க முறை. மின்னால் இயங்கும் தகட்டை விரலால் வலிந்து தள்ளுதல் அதன் பற்சக்கரங்களுக்குத் தீங்காம். சில திராட்டில்களில் மாசு பற்றாத பூச்சு உண்டு; அதனைக் கடுங்கரைப்பான் அரித்துவிடுமாதலின், தயாரித்தோரின் கைந்நூலை முன்னரே நோக்குக. தூய்மை செய்தபின் எஞ்சின் சிறிது விரைந்து ஓடினும் அஞ்சற்க. மாசிருந்த காலத்துத் தகட்டை மிகுத்துத் திறக்கப் பழகிய கணினி, புதிய நிலைமையைக் கற்றுக்கொள்ளச் சிறிது காலம் வேண்டும்.

மூன்றாவது, வால்வுகள். முன்னாளில், பெட்ரோல் வால்விற்கு முன்னரே காற்றொடு கலந்தமையால், அப்பெட்ரோலே வால்வின் முதுகைக் கழுவிற்று. சிலிண்டருக்குள் நேரே பெட்ரோலைப் பாய்ச்சும் முறை 1954-இல் மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். வண்டியில் இடம்பெற்றது, 1996-இல் மிட்ஸுபிஷி நிறுவனத்தார் அதனைப் புதுமுறையில் அமைத்துப் பெருவாரியாக விற்கலாயினர். இம்முறையில் வால்வைக் கழுவுவார் ஒருவருமிலர். எண்ணெய்ப் பிசுக்கு வெப்பத்தால் வெந்து கரியாய் இறுகுகின்றது. பிசுக்கு கரையும்; இறுகிய கரி கரையாது. ஓடும் எஞ்சினிற் கரைப்பானைப் பாய்ச்சுவோர் மேற்படிவைச் சிறிது இளக்கலாமேயன்றி, அடிக்கரியை அகற்றுதல் அரிது. அளவு மீறிப் பாய்ச்சினாலோ, நீர்மம் அமுங்காப் பொருளாதலின், சிலிண்டரில் தேங்கிக் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். ஆதலால், கிளைக் குழாயைக் கழற்றி, வால்நட் ஓட்டின் பொடியைக் காற்றழுத்தத்தால் வீசிக் கரியை உதிர்க்கின்றனர். டொயோட்டா நிறுவனத்தாரோ 2005 முதல் சில எஞ்சின்களில் இருவகைப் பாய்ச்சலையும் ஒருங்கமைத்து, நோய் வருமுன் காக்கும் வழியைக் கண்டனர்.

இனி, எஞ்சினினும் அருமையுடைய ஒன்றைக் குறித்துச் சில சொல்லுதும். அஃது இத்தொழில் செய்வாரின் உயிர். அஸிட்டோன், பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி சென்டிகிரேடு குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். அவ்வாவி காற்றினும் இருமடங்கு கனத்ததாதலின் தரையோரமாகப் பரவித் தொலைவிலுள்ள பொறியையுஞ் சென்று பற்றும். டாலுயீனின் ஆவி தலையைக் கிறுகிறுக்கச் செய்து, நாளடைவில் நரம்புகளையும் கெடுக்கும். பிரேக்குகளைத் துலக்கும் கரைப்பான்களுட் சில குளோரின் கலந்தவை. அவை தீயிற் பட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு தோன்றலாம். 1915-இல் ஐரோப்பியப் போர்க்களத்தில் மாந்தரைக் கொல்ல ஏவப்பட்ட வாயு அதுவேயாம். எரியும் எஞ்சினின் மூச்சுவழிக்கு அவை ஒருபோதும் ஆகா. பழைய கார்புரேட்டர்க் கரைப்பான்கள் பலவற்றில் இருந்த மெத்திலீன் குளோரைடைப் பொதுமக்கள் எவ்வகையிலும் பயன்படுத்தலாகாதென்று அமெரிக்க அரசினர் 2024-இல் விலக்கினர் என்பதும் கருதத்தக்கது.

ஆகவே, திறந்தவெளியில், குளிர்ந்த எஞ்சினில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, புகைப்போரை அருகில் நிறுத்தாது இதனைச் செய்தல் வேண்டும். பட்டறைகளில் நாள்தோறும் வெறுங்கையோடு இக்குப்பிகளைப் பிடிக்கும் சிறுவர்க்கு இவ்வுண்மையை எடுத்துச் சொல்லுதல் வண்டியுடையார் யாவர்க்கும் கடனாம். மாசின் இயல்பறிந்து, இடமறிந்து, அளவறிந்து இடும் கரைப்பானே மருந்து. அஃதறியாது தெளிப்பது எஞ்சினுக்கும் கேடு, துலக்கும் கைக்கும் கேடு. எஞ்சினின் மூச்சைத் திருத்தப் புகுவார் தம் மூச்சையும் காத்துக்கொள்வாராக.