வான் பாயும் குளம்

சிங்கப்பூரின் மெரினா பே சேண்ட்ஸ் விடுதியின் உச்சியில், 57ஆம் தளத்தில், நீச்சலுடையோடு தண்ணீருக்குள் இருப்பவர்களில் நீந்துகிறவர்கள் குறைவு. ஆழம் 1.2 மீட்டர்தான். நிற்கலாம், நடக்கலாம், கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மெல்ல விளிம்புவரை போகலாம். அங்கே போனால் குளத்தின் அந்தக் கரையைக் காணோம். தண்ணீர் எங்கே முடிகிறதோ அங்கேயே நகரத்தின் கட்டடங்கள் தொடங்குகின்றன. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் விழுந்துவிடுவோமோ என்று அடிவயிறு ஒரு கணம் கூசும். விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு மட்டுமே இந்தக் குளத்தில் இறங்க அனுமதி. அந்த ஒரு கணத்துக்காகவே அறை எடுக்கிறவர்கள் உண்டு.

இதற்கு இன்ஃபினிட்டி பூல் என்று பெயர். ஆசியாவின் சொகுசு விடுதி விளம்பரங்களில் இப்படியொரு குளத்தின் படம் இல்லாவிட்டால் ஏதோ குறை என்கிற அளவுக்கு இது பரவிவிட்டது. மலை விளிம்பு, கடலோரம், மொட்டை மாடி என்று இடம் மாறினாலும் வித்தை ஒன்றுதான். அந்த வித்தை நமக்குப் பழக்கமானதும்கூட.

ஏரி நிரம்பினால் கரை உடையக் கூடாது என்பதற்காக, கரையைவிடத் தாழ்வாக ஓரிடத்தில் கல்கட்டு கட்டி உபரி நீரை வெளியே விடுவார்கள். அதற்குக் கலிங்கு என்று பெயர். அதன் வழியே நீர் வழிந்தால் ‘மறுகால் பாயுது’ என்பார்கள் தென்மாவட்டக்காரர்கள். ‘குளம் வான் பாயுது’ என்பது இலங்கைத் தமிழரின் பேச்சு. இன்ஃபினிட்டி பூலின் மறையும் விளிம்பு ஒரு கலிங்கு, அவ்வளவுதான். ஏரி அடைமழையில் மட்டும் வான் பாயும். இந்தக் குளம், விருந்தினர் பார்க்கிற நேரமெல்லாம் வான் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். வேலையெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வழிவதும் திரும்புவதும்

குளத்தின் மற்றப் பக்கச் சுவர்களைவிடக் காட்சிப் பக்கத்துச் சுவர் சற்றுத் தாழ்வாக இருக்கும். நீர்மட்டம் அந்தச் சுவரின் தலையைவிடச் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். எனவே கண்ணாடித் தாள்போல மெல்லிய நீர்ப்படலம் சுவரின் மேல் ஏறி அந்தப்புறம் வழிந்துகொண்டே இருக்கும். அது பாதாளத்தில் விழுவதில்லை. சுவருக்கு வெளியே, கொஞ்சம் கீழே, வாய்க்கால்போல நீளமாக ஒரு தொட்டி இருக்கிறது. அங்கே விழும் நீரைக் குழாய்கள் கொண்டுபோக, வடிகட்டிச் சுத்தம் செய்து, பம்ப் மறுபடியும் குளத்துக்கே தள்ளுகிறது. விளிம்பில் கைவைத்து எட்டிப் பார்த்தால் அந்தத் தொட்டி தெரியும். தெரிந்த பிறகு அடிவயிறு கூசாது.

எட்டிப் பார்க்காதவரை அது ஏன் தெரிவதில்லை? குளத்தில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு மேலே ஓரிரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு தாழ்விலிருந்து பார்க்கும்போது சுவருக்கு அப்பால் கீழே உள்ள தொட்டி, கைப்பிடிச் சுவர், தெரு எல்லாமே விளிம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. பக்கத்துத் தண்ணீரும் தூரத்து நகரமும் மட்டும் கண்ணுக்கு மிஞ்சுகின்றன. நடுவில் இருப்பதெல்லாம் விடுபட்டுப் போவதால், மூளை இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது.

ஒளியும் இதற்குத் துணைபோகிறது. தண்ணீரை நேர்மேலிருந்து குனிந்து பார்த்தால், அதன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் பிரதிபலித்துக் கண்ணுக்கு வரும். அதனால் அடித்தளம் தெளிவாகத் தெரிகிறது. பார்வையைச் சாய்க்கச் சாய்க்கப் பிரதிபலிப்பு கூடும். கண் நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும்போது, தொலைவில் உள்ள தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடியாகிவிடும். விளிம்பருகே நாம் பார்ப்பது நீரில் விழுந்த வானம். அதற்கு அப்பால் இருப்பது அசல் வானம். இரண்டுக்கும் ஒரே நிறம் என்பதால் கோடு தெரிவதில்லை.

தண்ணீர் பொய் சொல்லாது

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் கையில் ரசமட்டம் இருக்கும். நீளமான சுவருக்கு அது போதாது என்றால், ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் இரண்டு ஆட்கள் பிடிப்பார்கள். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மட்டம் பார்ப்பதில் தண்ணீரை ஏமாற்ற முடியாது.

சாதாரண நீச்சல்குளம் ஒரு முனையில் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் நீந்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. இன்ஃபினிட்டி பூலில் அதே தவறு ஊருக்கே தெரியும். தாழ்ந்த முனையில் தண்ணீர் குடம் குடமாய்க் கொட்டும். உயர்ந்த முனையில் சுவர் காய்ந்து, வெறும் திட்டாய்ப் பல்லிளிக்கும். விளிம்பு தெரிந்துவிட்டால் மாயமும் போய்விட்டது.

நீரியல் பாடத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. தடுப்பின் மேல் நிற்கும் நீரின் உயரம் இரண்டு மடங்கானால், வழியும் அளவு ஏறத்தாழ 2.8 மடங்காகும். ஆகவே சில மில்லிமீட்டர் பிசகுகூட, ஓரிடத்தில் அருவியையும் இன்னோரிடத்தில் வறட்சியையும் உண்டாக்கும். ‘அதற்கென்ன, தண்ணீரைக் கூட்டி விட்டால் மேடும் நனைந்துவிடாதா’ என்று கேட்கலாம். நனையும்தான். ஆனால் 150 மீட்டர் நீள விளிம்பின் மேல் 6 மில்லிமீட்டர் நீர் நிற்க வேண்டுமென்றால், அதே பாடக் கணக்குப்படி நொடிக்கு 100 லிட்டருக்கு மேல் பம்ப் செய்தாக வேண்டும். அதாவது, சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் காலி. மட்டம் சரியாக இருந்தால் படலம் மெல்லியதாக இருந்தாலே போதும். பிசகினால் அதை மின்கட்டணத்தில் ஈடுகட்ட வேண்டியதுதான்.

தரையில் கட்டுகிற குளத்துக்கே இந்தப் பாடு. மெரினா பே சேண்ட்ஸ் குளமோ 2010இல் திறக்கப்பட்டபோது, ஆடுகிற மூன்று கோபுரங்களின் தலையில் படுத்திருந்தது.

ஆடும் கோபுரம், ஆடாத விளிம்பு

கட்டடக் கலைஞர் மோஷே சஃப்டி 55 மாடிக் கோபுரங்கள் மூன்றை வரிசையாக நிறுத்தி, அவற்றின் தலையில் படகு வடிவில் 340 மீட்டர் நீளத் தோட்டமொன்றைக் குறுக்காகக் கிடத்தினார். அதற்கு ஸ்கைபார்க் என்று பெயர். குளம் அதன் மேல் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 150 மீட்டர். ஒலிம்பிக் குளங்கள் மூன்றை வாலும் தலையுமாக வைத்த அளவு. குளத்தின் உடல் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. எஃகு மட்டுமே 191 டன். கொள்ளும் தண்ணீர் 14 லட்சம் லிட்டருக்கு மேல். முன்பு சொன்ன லாரிகளில் கொண்டுபோனால் கிட்டத்தட்ட 120 நடை.

எடையைத் தாங்குவது பெரிய வேலைதான். ஆனால் எவ்வளவு என்று தெரிந்த எடை. அசைவுதான் தலைவலி. உயரமான எந்தக் கட்டடமும் காற்றில் ஆடும். மூன்று தனிக் கோபுரங்கள் ஒன்றுபோல ஆடும் என்று சொல்ல முடியாது. ஒன்று இந்தப் பக்கம் சாயும்போது மற்றது அந்தப் பக்கம் சாயலாம். அவற்றின் மேல் ஒரே துண்டாக ஒரு தொட்டியை இறுகப் பொருத்தினால் அது கிழிந்துவிடும். அதனால் குளத்தின் அடியில் நான்கு இடங்களில் அசைவு இணைப்புகள் வைத்திருக்கிறார்கள். ரயில் பாலத்தில் தண்டவாளத்துக்கு இடைவெளி விடுவதுபோலத்தான், ஆனால் பெரிய அளவில். ஒவ்வோர் இணைப்பும் அந்தந்த இடத்து அசைவுக்கு ஏற்ற வேறுவேறு அளவில் அமைந்தது. எல்லாம் சேர்ந்து 500 மில்லிமீட்டர்வரை அசைய இடம் தருகின்றன. அரை மீட்டர் அசையக்கூடிய அடித்தளத்தின் மேல், மில்லிமீட்டர் பிசகக் கூடாத விளிம்பு.

காற்று போனால் கோபுரம் பழைய நிலைக்கு வந்துவிடும். மண் அப்படி இல்லை. மெரினா பே கடலைத் தூர்த்து எடுத்த நிலம். எந்தப் பெரிய கட்டடமும் ஆண்டுகள் செல்லச் செல்ல மண்ணில் மெல்ல அமரும். மூன்று கோபுரங்களும் ஒரே அளவாக அமர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அறைகளில் தூங்குகிறவருக்கு அது தெரியாது. உச்சியில் உள்ள விளிம்பு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மருந்தாக வைத்தது ஜாக்கி. சாலை உயர்ந்து வீடு பள்ளமாகிப்போனால், நம் ஊரில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள் இல்லையா, ஏறக்குறைய அதே யோசனை. குளத்தின் அடியில் 500க்கும் மேற்பட்ட இடங்களில், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கால்கள் இருக்கின்றன. நாளை ஒரு கோபுரம் சற்று அமர்ந்தால், அந்தப் பகுதியின் கால்களை மட்டும் உயர்த்தி விளிம்பை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவரலாம். குளத்தைக் கட்டி முடித்துவிட்டோம் என்று யாரும் நினைக்கவில்லை; திருத்திக்கொண்டே இருக்க வேண்டியது என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள்.

விருந்தினரும் ஒரு கணக்கு

இன்னொரு தொந்தரவு குளத்தில் இறங்குகிற விருந்தினர்தான். ஒருவர் மார்பளவு தண்ணீரில் நின்றால் சுமார் 50 லிட்டர் நீரை விலக்குவார். நூறு பேர் என்றால் 5,000 லிட்டர். கொள்ளளவை ஆழத்தால் வகுத்து, குளத்தின் பரப்பை ஏறத்தாழ 1,200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நூறு பேர் இறங்கும்போது மட்டம் 4 மில்லிமீட்டர் உயரப் பார்க்கும். உயர்ந்த நீர் விளிம்பு வழியே வழிந்துவிடும். மின்னல் வெட்டி எல்லாரும் ஒரே சமயத்தில் ஏறிவிட்டால்? மட்டம் 4 மில்லிமீட்டர் தாழும். விளிம்பின் மேல் ஓடும் படலமே அவ்வளவுதான் என்பதால், நீர் சுவரின் தலைக்குக் கீழே போய் வழிவது நின்றுவிடும்.

ஆகவே இத்தகைய குளங்களுக்குக் கீழே, கண்ணில் படாத இன்னொரு குளம் தேவைப்படுகிறது. ஆட்கள் இறங்கும்போது மிகுந்த நீரை வாங்கிவைத்து, ஏறும்போது திருப்பிக் கொடுக்கிற இருப்புத் தொட்டி அது. பம்ப் நின்றால் விளிம்பிலிருந்து இறங்கி வரும் நீரையும், பெருமழையில் சேரும் நீரையும் அதுதான் வாங்கிக்கொள்ளும். அதன் அளவைக் கணக்கிடுவதில் கஞ்சத்தனம் காட்டிய விடுதிகளில், கூட்டம் கலைந்ததும் விளிம்பு வறண்டு போவதைப் பார்க்கலாம்.

பரம்பு அடித்த வயல்

ஓடும் நீரால் விளிம்பை மறைக்கும் யோசனை ஆசியாவுக்கு மட்டும் சொந்தமில்லை. லாஸ் ஏஞ்சலீஸில் சில்வர்டாப் என்ற வீட்டுக்காகக் கட்டடக் கலைஞர் ஜான் லாட்னர் 1950களிலேயே இதை வரைந்திருந்தார். ஆனால் விடுதிகளின் அடையாளமாக அது வளர்ந்ததில் ஆசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1989இல் பாலித் தீவின் உபுத் அருகே, ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் திறக்கப்பட்ட அமன்தாரி விடுதியில், பீட்டர் முல்லர் வடிவமைத்த குளத்தின் விளிம்பு பக்கத்து மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களைப்போல வளைந்து போகிறது. மேல் வயல் நிரம்பினால் வரப்பு வழியாக நீர் அடுத்த வயலுக்கு இறங்குகிறது; அந்த வரப்புதான் அவருக்கு முன்மாதிரி. 1994இல் இலங்கையின் தம்புள்ளை அருகே ஜெஃப்ரி பாவா கட்டிய கண்டலம விடுதியில், நீச்சல்குளத்தின் நீர் அப்பால் இருக்கும் கண்டலமக் குளத்து நீரோடு கலந்ததுபோலத் தெரியும். இலங்கைத் தமிழில் ஏரிக்கும் குளம் என்றே பெயர். ஒரு குளம் இன்னொரு குளத்துக்குள் வான் பாய்கிற காட்சி அது.

நெல் வயலில் சேறடித்து, மட்டப்படுத்தும் பலகையான பரம்பை ஓட்டிய விவசாயிக்கு இந்தக் கட்டுரையில் புதிதாக எதுவும் இருக்காது. வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று தண்ணீரே சொல்லிவிடும். மேடு தலைகாட்டிய இடத்தில் மறுபடி பரம்பு ஓடும். சிங்கப்பூர் உச்சியில் பரம்பின் வேலையைச் செய்யத்தான் 500 ஜாக்கிகள் காத்திருக்கின்றன.

எங்கேனும் இப்படியொரு குளத்தில் இறங்க வாய்த்தால், படம் எடுத்து முடித்த பிறகு கரையேறி நின்று விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பாருங்கள். காய்ந்த திட்டு இல்லாமல் தண்ணீர் ஒரே சீராக வழிந்தால், கீழே அத்தனை மாடிகளும் இன்று மட்டமாக நிற்கின்றன, அல்லது யாரோ அண்மையில் வந்து நிமிர்த்திவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.