புள்ளிப்பட்டியலைப் படிப்பது எப்படி?

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும், வென்ற அணி எது என்பதைப் புள்ளிப் பலகை காட்டிவிடும். அந்த அணி எப்படி வென்றது என்பதை அது காட்டாது. அதை அறிய விரும்புவோர் ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை முறை பந்து கூடையை நோக்கி எறியப்பட்டது, அவற்றில் எத்தனை உள்ளே விழுந்தன, திரும்பி வந்த பந்தை யார் பிடித்தார், எதிரணியின் எறிதலை யார் தடுத்தார் என்பன போன்ற விவரங்கள் அதில் பதிவாகியிருக்கும். இப்பட்டியலை எப்படிப் படிப்பது என்பதைப் புரிந்துகொள்ள, உலகப் புகழ்பெற்ற ஓர் ஆட்டம் உதவும்.

2016 ஜூன் 19ஆம் நாள், அமெரிக்காவின் ஓக்லந்து நகரில் என்பிஏ இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் நடைபெற்றது. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியும் கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணியும் மோதின. அந்தப் பருவத்தில் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று சாதனை படைத்திருந்தது. இறுதிச் சுற்றிலும் முதலில் அந்த அணியே 3-1 என முன்னணியில் இருந்தது. கேவலியர்ஸ் அடுத்த இரண்டு ஆட்டங்களை வென்று 3-3 எனச் சமன் செய்தது. ஆகவே, ஏழாவது ஆட்டமே வெற்றியாளரை முடிவு செய்தது. கேவலியர்ஸ் 93-89 என வென்றது. வித்தியாசம் 4 புள்ளிகள் மட்டுமே.

அந்த 4 புள்ளிகள் எங்கிருந்து வந்தன? கூடைப்பந்தில் புள்ளி பெற மூன்று வழிகள் உள்ளன. தொலைவிலுள்ள வளைகோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைக் கூடையில் போட்டால் 3 புள்ளிகள். கோட்டுக்கு உள்ளிருந்து போட்டால் 2 புள்ளிகள். எதிரணியின் விதிமீறலுக்காக வழங்கப்படும் தனி எறிதலில், யாரும் தடுக்காத நிலையில் பந்தைப் போட்டால் 1 புள்ளி.

வாரியர்ஸ் தொலைவிலிருந்து 15 முறை பந்தைக் கூடையில் போட்டு 45 புள்ளிகள் பெற்றது. கேவலியர்ஸ் 6 முறை மட்டுமே போட்டு 18 புள்ளிகள் பெற்றது. இந்த வரிசையை மட்டும் பார்ப்பவர், வாரியர்ஸ் எளிதாக வென்றிருக்கும் என்றே நினைப்பார். ஆனால், கோட்டுக்கு உள்ளிருந்து கேவலியர்ஸ் 54 புள்ளிகளும் வாரியர்ஸ் 34 புள்ளிகளும் எடுத்தன. தனி எறிதலில் கேவலியர்ஸ் 21 புள்ளிகளும் வாரியர்ஸ் 10 புள்ளிகளும் எடுத்தன. தொலைவில் இழந்த 27 புள்ளிகளைக் கேவலியர்ஸ் இவ்விரு வழிகளிலும் ஈடுகட்டி, மேலும் 4 புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்து, தனி விளையாட்டாளர்களின் விவரங்கள். அன்று மிக அதிகப் புள்ளிகள் எடுத்தவர் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன். அவர் 32 புள்ளிகள் எடுத்தார். 15 முறை திரும்பி வந்த பந்தைப் பிடித்தார். தொலைவிலிருந்து எறிந்த 8 பந்துகளில் 6 கூடையில் விழுந்தன. ஆனால், அவருடைய அணியின் மற்றவர்கள் தொலைவிலிருந்து 33 முறை எறிந்தும் 9 பந்துகளே உள்ளே விழுந்தன. ஒருவர் சிறப்பாக ஆடியும் அணி தோற்றதற்கு இது முக்கியக் காரணம்.

கேவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் 27 புள்ளிகள் எடுத்தார். அதோடு 11 முறை திரும்பி வந்த பந்தைப் பிடித்தார். தோழர்கள் புள்ளி பெற 11 முறை பந்தைத் தந்து உதவினார். எதிரணியின் எறிதல்களை அவர் 3 முறை தடுத்ததாகவும் பட்டியல் கூறுகிறது.

அந்த மூன்றில் ஒன்று மிகவும் முக்கியமானது. ஆட்டம் முடிய 4 நிமிடம் 39 விநாடி இருந்தபோது புள்ளிகள் 89-89 எனச் சமமாயின. அதன்பின் ஏறக்குறைய மூன்றே முக்கால் நிமிடம் இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த இடைவெளியில் வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவோடாலா கூடைக்கு மிக அருகில் சென்று பந்தைப் போட முயன்றார். பின்னாலிருந்து ஓடி வந்த ஜேம்ஸ், பாய்ந்து அதைத் தடுத்தார். பட்டியலில் அது வெறும் "1" தான். முதல் பாதியில் தடுத்திருந்தாலும் அதே "1" தான் பதிவாகியிருக்கும்.

ஆட்டம் முடிய 53 விநாடி இருந்தபோது, கைரி இர்விங் தொலைவிலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்தது. புள்ளிகள் 92-89 ஆயின. உடனே வாரியர்ஸின் ஸ்டெஃபன் கரி பந்துடன் வந்தார். தொலைவிலிருந்து எறிவதில் வல்லவரான அவருக்கு எதிரே நின்றவர் கெவின் லவ். உயரமான லவ், வேகமான கரியைச் சமாளிப்பது கடினம் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். லவ் அவரை விட்டு விலகாமல் இடமும் வலமும் நகர்ந்து மறித்தார். கரி எறிந்த பந்து தவறியது. பின்னர் ஜேம்ஸ் தனி எறிதலில் ஒரு புள்ளி சேர்க்க, ஆட்டம் 93-89 என முடிந்தது.

லவ் செய்த இந்தத் தற்காப்பு பட்டியலில் எங்கே இருக்கிறது? கரியின் வரிசையில் ஒரு தவறிய எறிதலாக மட்டுமே உள்ளது. லவ்வின் பெயருக்கு நேராக அதைக் குறிக்கும் எண் எதுவும் இல்லை. அவர் பெற்ற புள்ளிகளும் 9 மட்டுமே.

ஆயினும், வேறொரு கணக்கு லவ்வின் பங்கை ஓரளவு காட்டுகிறது. ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எதிரணியைவிட எத்தனை புள்ளிகள் கூடுதலாகவோ குறைவாகவோ எடுத்தது என்பதைக் கூறும் கணக்கு அது. லவ் களத்தில் இருந்தபோது கேவலியர்ஸ் 19 புள்ளிகள் கூடுதலாக எடுத்தது. அவர் வெளியே அமர்ந்திருந்தபோது 15 புள்ளிகள் குறைவாக எடுத்தது. இந்த எண்ணையும் கவனத்துடன் படிக்க வேண்டும். களத்தில் அவருடன் இருந்த நால்வரின் உழைப்பும் அதில் கலந்துள்ளது.

புள்ளிவிவரங்கள் பொய் சொல்வதில்லை. ஆனால், ஒவ்வோர் எண்ணும் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும். அதிகப் புள்ளி எடுத்தவர் யார் என்று கேட்டால் கிரீன் என்று விடை வரும். வெற்றிக்கு உதவியவர்கள் யார் என்று அறிய, பல வரிசைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். பள்ளி அணிக்கு விளையாட்டாளரைத் தேர்ந்தெடுக்கும்போதும், குழுவேலையில் ஒருவரின் பங்கை மதிப்பிடும்போதும் இது பொருந்தும். எண்ணப்பட்டதைப் பார்த்தபின், எண்ணப்படாதது எது என்றும் கேட்பதே நியாயமான மதிப்பீடு.