தப்பியோடிய புனிதர்

1578-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து நள்ளிரவு. ஸ்பெயின் நாட்டின் தொலேதோ நகரில், ஆற்றங்கரைப் பாறையின்மேல் நின்ற கார்மேல் சபை மடத்தின் சாளரத்திலிருந்து ஒரு குருவானவர், போர்வைகளைக் கிழித்து முடிந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கினார். உருவத்தில் மிகச் சிறியவர். ஏறத்தாழ ஒன்பது மாதச் சிறைவாசத்தால் எலும்பும் தோலுமாய்ப் போனவர். வயது 36. அவர் களவு செய்தவருமல்லர், கொலை செய்தவருமல்லர். இன்று திருச்சபை மறைவல்லுநராகப் போற்றும் புனித சிலுவை அருளப்பரே அவர்.

அவரை அடைத்தவர்கள் யார் என்பதே இவ்வரலாற்றில் நம்மைத் துணுக்குறச் செய்வது. பகையரசன் அல்லன், வேதத்தின் விரோதிகளும் அல்லர். ஒரே சபையில் வார்த்தைப்பாடு கொடுத்து, ஒரே சங்கீதங்களைப் பாடி வந்த சொந்தச் சகோதரர்கள்! அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் கார்மேல் சபையைப் பழைய தவ ஒழுங்குக்குத் திருப்ப முனைந்தபோது, அருளப்பர் அவருக்குத் தோள்கொடுத்தார். சீர்திருத்தத்தை விரும்பாதவர்கள் 1577 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு அவிலாவில் அவரைப் பிடித்துத் தொலேதோவுக்குக் கொண்டு சென்றனர். கீழ்ப்படியாதவர் என்பதே குற்றச்சாட்டு. தெரேசம்மாள் இரண்டே நாளில் மன்னர் இரண்டாம் பிலிப்புக்குக் கடிதம் எழுதினார். ஆயினும் விடுதலை வரவில்லை.

சிறை என்று சொன்னேனேயன்றி, அது விருந்தினர் அறையை ஒட்டிய ஒரு சிறு கழிப்பிடம். அகலம் ஆறடி, நீளம் பத்தடி. சுவரின் உச்சியில் மூன்று விரற்கடை அகலமுள்ள ஓர் இடுக்கு; அதன் வழியே வரும் வெளிச்சத்தில், பலகைமேல் ஏறி நின்றுதான் கட்டளைச் செபம் சொல்ல முடியும். ரொட்டியும் தண்ணீரும் உணவு. சில நாள் மத்திமீன். உணவறையில் சகோதரர்கள் சூழ நின்று முறைவைத்துச் சாட்டையால் அடித்தனர். குளிர்காலம் போய்க் கோடை வந்தது. உடுத்த உடை உடலிலேயே மட்கியது.

அந்த இருளில் அவர் பாடல் இயற்றினார். முதலில் மனத்திலேயே கட்டி, மனத்திலேயே காத்தார். பின்னர் காவலுக்கு வந்த இளந்துறவி மனமிரங்கி மாற்றுடையும், தாளும் மையும் கொடுத்தார். ‘ஆன்மிகப் பாடல்’ என உலகம் அறிந்த நெடுங்கவிதையின் பெரும்பகுதி அங்கேதான் பிறந்தது. மறைந்துவிட்ட அன்பரைத் தேடி ஆன்மா மலையும் நதியும் கடந்து அலைவதே அதன் பொருள். சுவருக்கு அப்பால் ஓடிய ஆற்றைக் கண்ணால் காண முடியாதவர் அதை எழுதினார். விடுதலைக்குப் பின் எழுதியதாக அறிஞர் கருதும் மற்றொரு கவிதையில், ஆன்மா இருண்ட இரவில், ஒருவரும் அறியாமல், இரகசிய ஏணிவழி வீட்டைவிட்டு வெளியேறுகிறது. குருமடத்தில் இதனை ஞான வாழ்வின் படிநிலை விளக்கமாக மட்டுமே படித்தோம். கயிற்றில் தொங்கிய ஒரு மனிதரின் கைநடுக்கமும் அதில் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தப்பியது திடீர் ஆவேசத்தால் அன்று. மற்றவர்கள் மதிய உறக்கத்தில் இருக்கும்போது கழிவுப் பாத்திரத்தைக் கொட்டிவர அவருக்கு அனுமதி உண்டு. அந்தச் சில நிமிடங்களில் வழியைக் கண்டுகொண்டார். சாளரத்தின் உயரத்தை நூல்விட்டு அளந்தார். தாழ்ப்பாளின் திருகாணிகளை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தளர்த்தினார். தேவமாதா விண்ணேற்புத் திருநாளிலாவது திருப்பலி நிறைவேற்ற விடுமாறு கேட்டார், மடத்தலைவர் மறுத்தார். அத்திருநாளையொட்டிய ஓரிரவில் கதவைத் தள்ளினார். இறங்கியபின்தான் அது வேறொரு மடத்தின் மதிலுக்குள் என்று தெரிந்தது. அதையும் ஏறிக் கடந்தார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். கயிறு அவரைத் தரையில்தான் சேர்த்தது, பாதுகாப்பில் சேர்க்கவில்லை. விடிந்தால் தேடுவார்கள். அவர் தெரேசம்மாளின் கன்னியர் மடத்து வாயிலில் வந்து நின்றார். அடைப்புள்ள மடத்துக்குள் ஆண்மகன் நுழைதல் ஆகாது. ஆனால் அன்று நோயுற்றிருந்த ஒரு சகோதரி பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்பினார். குருவை அழைக்க அது போதிய நியாயம்! கதவு திறந்தது. தேடி வந்த துறவிகள் வெறுங்கையோடு திரும்பினர். கன்னியர் அவருக்கு இலவங்கப்பட்டையிட்டு வேகவைத்த பேரிக்காய் கொடுத்தார்களாம். நிற்கவும் வலுவற்றிருந்த அவர், சிறையில் இயற்றிய பாடல்களை அவர்களுக்குச் சொல்லிக் காட்டினார். தம்மை வதைத்தவரைக் குறித்துப் பின்னாளிலும் அவர் கசந்து பேசவில்லை. மன்னித்தார், ஆனால் அந்த அறைக்குத் திரும்பிப் போகவில்லை.

இந்த வரலாற்றை நான் அறியாதவனல்லேன். அறிந்திருந்தும் தவறினேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு பங்கில், மாலைச் செபமாலை முடிந்தபின் ஒரு பெண் இரு பிள்ளைகளோடு அறைவீட்டுக்கு வந்தாள். கணவன் குடிகாரன். அவளது இடக்கை வீங்கியிருந்தது. “சாமி, இனிமேல் அந்த வீட்டில் இருந்தால் பிள்ளைகள் மிஞ்சமாட்டார்கள்” என்றாள். நான் பொறுமையைப் பற்றிப் பேசினேன். சிலுவையைப் பற்றிப் பேசினேன். திருமணத்தின் முறிவுபடாத் தன்மையைப் பற்றியும் பேசினேன். உபதேசியாரைத் துணைக்கு அனுப்பி, அவளை அந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கவும் செய்தேன். மறுவாரமே அவள் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் சொன்னவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆனால் சொல்லாமல் விட்டது மிகுதி. குழந்தையைக் காக்க இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியவர் சூசையப்பர். வீரமாமுனிவர் தமிழில் காப்பியம் பாட வந்தபோது அவரையே தலைவராகக் கொண்டார்; தேம்பாவணியின் 3,615 பாடல்களில் அந்த எகிப்துப் பயணத்துக்கும் வாழ்வுக்கும் பேரிடம் உண்டு. சின்னப்பரைத் தமஸ்கு நகர் மதிலின்மேலிருந்து சீடர்கள் கூடையில் இறக்கிவிட்டார்கள். அதே சின்னப்பர் பிலிப்பி நகரச் சிறைக்கதவுகள் திறந்தபோது வெளியேறாமல் இருந்தார் என்பதும் உண்மையே. ஏனெனில் அங்கே அவர் போயிருந்தால் காவலன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டிருப்பான். தங்குவதா, ஓடுவதா என்பதை யாருடைய உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று பார்த்தே அப்போஸ்தலர் முடிவு செய்தார். நானோ பார்க்கவில்லை.

திருச்சபையின் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153-ஆம் சட்டம், கணவனோ மனைவியோ மற்றவருக்கு அல்லது பிள்ளைகளுக்கு உடலிலோ மனத்திலோ பெரும் ஆபத்து விளைவித்தால், பிரிந்து செல்ல அது முறையான காரணம் என்கிறது. இதற்கு ஆயரின் தீர்ப்பு வேண்டும். தாமதம் ஆபத்தாகுமானால் தன் பொறுப்பிலேயே வெளியேறலாம். இதனால் திருமணப் பந்தம் அறுவதில்லை. காரணம் நீங்கினால், திருச்சபை அதிகாரம் வேறு விதமாக முடிவு செய்திருந்தாலன்றி, கூடிவாழ வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. திருத்தந்தை பிரான்சிசு 2015-ஆம் ஆண்டு ஜூன் மாத மறைக்கல்வி உரை ஒன்றில், பிரிவு சில வேளைகளில் ஒழுக்கநெறிப்படியே தேவையாகிவிடும் என்றார். நாட்டின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும் குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்ணுக்குப் பாதுகாப்பளிக்கிறது. இவற்றுள் முதலாவதை நான் குருமடத்தில் படித்துத் தேர்வு எழுதியிருந்தேன்!

அப்போஸ்தலர் பணி நூலின் 12-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இப்பொழுது நெஞ்சு குறுகுறுக்கிறது. வானதூதர் இராயப்பரைச் சிறையிலிருந்து வெளியே கொணர்ந்துவிட்டார். இரும்புக் கதவு தானாகத் திறந்தது. அவர் நேரே விசுவாசிகள் கூடியிருந்த வீட்டுக்கு வருகிறார். உள்ளே அவருக்காகவே செபம் நடக்கிறது. ரோதி என்னும் பணிப்பெண் குரலை அறிந்து, மகிழ்ச்சியால் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். உள்ளிருந்தவர்களோ, உனக்குப் பித்துப்பிடித்ததா என்கிறார்கள். இராயப்பர் தட்டிக்கொண்டே நிற்கிறார். சிறைக்கதவு திறந்துவிட்டது, செபவீட்டுக் கதவு திறக்கத்தான் நேரமாயிற்று.

சென்ற ஆண்டு, வேறொரு பங்கில் ஒரு திருமணத் திருப்பலிக்குச் சென்றிருந்தேன். விருந்தின்போது மணமகளின் தாய் என்னிடம் வந்து, “சாமிக்கு என்னை அடையாளம் தெரிகிறதா?” என்றாள். அந்த இடக்கை முழுதாக நீளாமல் மடங்கியே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. “அன்றைக்கு உன்னைத் திருப்பி அனுப்பியது என் குற்றம், அம்மா, மன்னித்துக்கொள்” என்றேன். அவள் பதில் சொல்லாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு, அன்றிரவு எங்கே போனாய் என்று கேட்டேன்.

“உபதேசியார் வாசலில் விட்டுப் போய்விட்டார், சாமி. அவர் உள்ளே இருந்தார், குடித்திருந்தார். நான் வீட்டுக்குள் போகவில்லை. நாலு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் பாட்டி தனியாக இருந்தார். தட்டியதும் திறந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். விடியுமுன் அவரே பேருந்து நிறுத்தம்வரை வந்து எங்களை அம்மா வீட்டுக்கு ஏற்றிவிட்டார்.”