பார்வையற்ற பிள்ளைகளும் பல் நலமும்

கண்ணோய் கண்டோர் புனித லூசியம்மாளையும், பல்வலியால் வருந்துவோர் புனித அப்பொலோனியம்மாளையும் மன்றாடுவது திருச்சபையின் பழைய வழக்கம். அப்பொலோனியம்மாள் கி.பி. 249-ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியா நகரில் பற்கள் நொறுக்கப்பட்டு, வேதசாட்சியாக உயிர் துறந்தவர். பிப்ரவரி 9 அவருடைய திருநாள். கண்ணொளி இல்லாத ஒரு பிள்ளைக்குப் பல்வலியும் சேர்ந்துகொண்டால், விண்ணகத்தில் இவ்விருவரையும் மன்றாடலாம். மண்ணகத்தில் துணை நிற்க வேண்டியவர் நாமே.

பார்வைக் குறை தானாகவே பல்லைச் சொத்தையாக்குவதில்லை என்பதை முதற்கண் உணர வேண்டும். உண்ட இனிப்பும் மாவுப் பொருளும் பல்லிடுக்கில் தங்க, கிருமிகள் அவற்றை அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லை அரிக்கிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆனால் பார்வையுள்ள பிள்ளை தாய் பல் துலக்குவதைப் பார்த்துக் கற்கிறது. கறையைக் கண்ணாடியில் காண்கிறது. பார்வையற்ற பிள்ளைக்கு இவ்விரண்டும் இல்லை. குறை அப்பிள்ளையிடம் இல்லை. கண்ணுக்கு மட்டுமே கற்பிக்கும் நம் முறையில்தான் இருக்கிறது.

நாவே கண்ணாடி

கருநாடகத்துப் பல் மருத்துவர்களான மமதா ஹெப்பால், அனில் அங்கோலா இருவரும் இதற்கென ஒரு முறையை வகுத்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கேட்டல், தொடுதல், செய்தல் என்பவை அதன் மூன்று படிகள். முதலில் சொல்லி விளக்குவர். பின்பு பல்லின் மாதிரியைத் தடவி அறியச் செய்வர். இறுதியில் பிள்ளையே துலக்கும். இவ்வாறு பயின்ற பிள்ளைகளின் பற்களில் அழுக்குப் படிவு குறைந்ததைக் கண்டனர்.

இதனை வீட்டிலும் செய்யலாம். துலக்காத பல் நாவுக்குச் சொரசொரப்பாகவும், துலக்கிய பல் வழுவழுப்பாகவும் படும். இவ்வேறுபாட்டைப் பிள்ளை அறிந்துகொண்டால் அதன் நாவே கண்ணாடியாகிவிடும். அதன் பிரஷின் காம்பில் ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றினால் தன்னுடையதைத் தானே கண்டெடுக்கும். ஃபுளோரைடு கலந்த பற்பசையைப் பட்டாணி அளவு விரல் நுனியில் எடுத்துப் பல்லில் தடவட்டும். மேல்வரிசையில் வலம், நடு, இடம், கீழ்வரிசையிலும் அவ்வாறே. ஒவ்வோர் இடத்திலும் இருபது எண்ணித் துலக்கட்டும். காலையிலும், இரவு உறங்குமுன்னும் இது தவறக்கூடாது. ஏழெட்டு வயது வரை பெற்றோர் மறுமுறை துலக்கிவிடுவது நலம். கரித்தூளும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்த்துவிடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தடுக்கி விழுந்து முன்பல் உடைவதும் இப்பிள்ளைகளுக்கு நேரக்கூடியதே. நிலைப்பல் முழுதும் கழன்றுவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மருத்துவரும் கருவியைத் திடீரென வாயில் நுழைக்காமல், அதைப் பிள்ளையின் கையில் தந்து, அது எழுப்பும் ஒலியையும் முன்னதாகக் கேட்கச் செய்தால் அச்சம் தணியும்.

மலையூர்களில்

கரும்பு விளையும் கள்ளக்குறிச்சிச் சமவெளியைவிட, கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு இக்கவனம் இன்னும் தேவை. வெள்ளிமலைக்கும் அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து பல் மருத்துவரை நாடி மலையிறங்குவோர் ஒரு நாட்கூலியை இழக்க நேரும். ஆதலால் சிறு சொத்தை, வலி பொறுக்க இயலாத நாள்வரை வாயிலேயே வளர்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து, 18 வயது வரையுள்ளோரின் கண்களோடு பற்களையும் கட்டணமின்றிச் சோதிக்கின்றனர். குழு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டறிந்து, வீட்டில் முடங்கியிருக்கும் பார்வையற்ற பிள்ளையையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். மலையூர்ப் பங்குகளின் மரியாயின் சேனையினரும் இளைஞரும் இதற்குத் துணை நிற்கலாமே!

பிறவியிலேயே பார்வையற்றிருந்தவனைக் கண்ட சீடர், அது யார் செய்த பாவம் என்று வினவினர். ஆண்டவரோ மண்ணைக் குழைத்து அவன் கண்களில் தம் கையாலேயே பூசினார். பின்பு சீலோவாம் குளத்திற்குச் சென்று கழுவுமாறு பணித்தார். அவன் தானே சென்று கழுவினான். முதலில் தொடுதல், பின்பு தானே செய்ய விடுதல்: பெற்றோரும் ஆசிரியரும் பின்பற்றத்தக்க வழி இதுவே. இரக்கத்தால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடாமல், இன்றிரவே அப்பிள்ளையின் கையைப் பற்றிக் கற்பிப்போமாக.