கடலருகே ஒரு ஜாகை

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மைக் காண வந்திருந்தார். அவரும் அவருடைய மனைவியும் இத்தாலி தேசத்துக் கடற்கரைக்குப் போவதாக உத்தேசம், முதல் பிரயாணம். நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே அமால்ஃபிக் கரை என்று ஒன்று உண்டு. மலை நேராகக் கடலில் இறங்கும் இடம். அங்கே பொசித்தானோவில் தங்குவதா, சொரெந்தோவில் தங்குவதா, சலேர்னோவில் தங்குவதா என்பதுதான் அவருடைய கவலை. "பூகோளம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே, சார்! நீங்களே முடிவு சொல்லுங்கள்" என்றார்.

இத்தாலியை நாம் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். ஆயினும் அவர் கொண்டுவந்த விவரங்களைக் கேட்டதும் விஷயம் விளங்கிவிட்டது. பொசித்தானோ கடலுக்கு நேர் மேலே இருக்கிறது, அழகுக்குக் குறைவில்லை, ஆனால் ஊர் முழுவதும் படிக்கட்டு, வாடகையும் மலையேறி நிற்கிறது. சொரெந்தோவுக்கு நேப்பிள்ஸிலிருந்து ரயில் வருகிறது. சலேர்னோ பெரிய நகரம், பிரதான ரயில் பாதையில் உள்ளது, வாடகை குறைவு, கோடைக்காலத்தில் அங்கிருந்து படகு போகும். ஆக, அழகுக்குப் பக்கத்தில் படுப்பதா, ரயிலுக்குப் பக்கத்தில் படுப்பதா என்பதே கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை காண நேப்பிள்ஸ் வரை போக வேண்டியதில்லை. நாம் அதைத் தரங்கம்பாடிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள். அந்தக் கதையைத்தான் அவருக்குச் சொன்னோம்.

நம் தர்மபுரி ஜில்லாவுக்குக் கடல் இல்லை என்பது நேயர்கள் அறிந்ததே. கேழ்வரகும் மாம்பழமும் புளியும் உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனால் கடலுக்குப் போகிற ஆறு உண்டு. ஒகேனக்கல்லில் பாறைகளின் நடுவே இரைந்து விழும் காவேரியைப் பார்க்காதவர் நம் பக்கத்தில் அரிது. ஆடிப் பதினெட்டு ஒன்றில் அங்கே நீராடிக் கரையேறிய நம் தாயார், தலையைத் துவட்டிக்கொண்டே, "கண்ணு, இந்தத் தண்ணி கடைசியிலே எங்கே போய்ச் சேருது?" என்று கேட்டார். இருபது வருஷமாகக் கரும்பலகையில் காவேரியை வரைந்து அதன் முகத்துவாரத்தில் ஒரு புள்ளி வைத்து, பிள்ளைகளுக்குக் காட்டி வந்திருக்கிறோம். எழுபது வயது கடந்த தாயாருக்குக் காட்ட வேண்டுமென்று ஒரு நாளும் தோன்றவில்லை. அவர் கடலையே பார்த்தவர் அல்லர்.

பள்ளிக்கூட விடுமுறையில் மூன்று இரவுகள்தாம் நம் கையில் இருந்தன. அருகில் உள்ள கடல் என்று பார்த்தால் புதுச்சேரிதான். ஆனால் அங்கே நகரத்தை ஒட்டிய கரையில் பாறைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலும் தாயார் கேட்டது கடலையன்று; காவேரி சேரும் கடலை. ஆகவே பூம்புகார்ப் பக்கமே என்று தீர்மானமாயிற்று. 2024-ஆம் வருஷத்துத் தை மாதம். மைசூரிலிருந்து புறப்பட்டு, பெங்களூர், ஓசூர், தர்மபுரி வழியாகத் திருச்சி, தஞ்சை, கும்பகோணம் தாண்டி மயிலாடுதுறைக்குப் போகும் ரயில் ஒன்று உண்டு. இரவில் நம் ஊரில் ஏறினால் காலையில் மயிலாடுதுறை. காவேரி பிறந்த நாட்டிலிருந்து அது முடியும் இடம்வரை ஆற்றைப் பின்தொடர்ந்தே போவது போன்ற பாதை.

எங்கே தங்குவது? இங்கேதான் நாம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வதாக எண்ணித் தவறு செய்தோம். பூம்புகாரில் தங்கலாம், ஆனால் கடற்கரையைவிட்டால் கடைத்தெரு என்று சொல்லத்தக்கது குறைவு. திருக்கடையூரில் விடுதிகள் ஏராளம். ஆனால் அவை அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வருகிறவர்களுக்காக ஏற்பட்டவை. முகூர்த்த நாளில் நாதஸ்வரம் கேட்கலாம், கடலைக் கேட்க முடியாது. வேளாங்கண்ணியில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூம்புகாரிலிருந்து வெகுதூரம் தெற்கே. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவில் அங்கே திண்ணையும் அகப்படாது. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, மாயவரம் என்று பெரியவர்கள் இன்னும் சொல்லும் மயிலாடுதுறையிலேயே மூன்று இரவுக்கும் அறை எடுத்துவிட்டோம். ரயிலடி உண்டு, வைத்தியர் உண்டு, நல்ல இட்லி உண்டு, நாலா திசைக்கும் பஸ் உண்டு. பூம்புகாரும் தரங்கம்பாடியும் தலைக்கு முப்பது கிலோமீட்டருக்குள்தான். காகிதத்தில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

அறையும் குற்றம் சொல்லும்படி இல்லை, வெந்நீர் வந்தது. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம் தெரிந்தது.

குளித்துப் பலகாரம் முடித்துப் பஸ் ஏறிப் பூம்புகார் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மணல் காலைச் சுட்டது. தாயார் முதலில் ஆற்றைத்தான் தேடினார். காட்டினோம். ஒரு வாய்க்கால் அகலம். ஒகேனக்கல்லில் இரைந்து விழுந்த காவேரி இங்கே சத்தமின்றி, மணல் மேட்டைச் சுற்றிக்கொண்டு, கடலுக்குள் போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. தாயார் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ!

உபாத்தியாயர் அல்லவா? விளக்கம் சொல்லத் தொடங்கினோம். ஒகேனக்கல்லைத் தாண்டியதும் 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தண்ணீர் நிற்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. வெள்ளம் வந்தால் அதன் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும். கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அப்புறம் வாய்க்கால்கள், கிளை வாய்க்கால்கள், வயல்கள். தஞ்சைச் சீமை குடித்த மிச்சம்தான் பூம்புகாருக்கு வருகிறது. "எல்லாத்தையும் வழியிலேயே கொடுத்துட்டாளா?" என்றார் தாயார். அதில் குறையும் இருந்தது, சிறிது திருப்தியும் இருந்தது.

கடலை அவர் பார்த்த விதம்தான் நமக்குப் பொறுக்கவில்லை. கண் கூசும் வெயிலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, சிறிது நேரம் நின்றார். "பெரிசாத்தான் இருக்குது" என்றார். பிறகு நிழல் கேட்டார். சிலப்பதிகாரக் கதையைக் கல்லில் காட்டுவதற்காக 1973-இல் திறக்கப்பட்ட ஏழு நிலைக் கலைக்கூடத்தின் பக்கம் அழைத்துச் சென்றோம். யவனர் வந்து தங்கிய துறைமுகம் என்றோம். கீழையூரில் பூமியைத் தோண்டிப் பழைய செங்கல் படகுத்துறையைக் கண்டெடுத்த கதையைச் சொன்னோம். தலையை ஆட்டினார். மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுமுன் அறைக்குப் போகலாம் என்று நாமே அவசரப்படுத்தினோம். எழுபது வருஷம் காத்திருந்து ஒருவர் கடலைக் காண வந்தார். நாம் அவருக்கு ஒன்றரை மணி நேரம் காட்டினோம்.

அன்று இரவு பஸ் ஹாரன்களின் நடுவே, ஜாகையை மாற்றிவிடலாமா என்று யோசித்தோம். தாயாருக்கு இஷ்டமில்லை. கொடுத்த பணம் வீணாகுமே, தெரியாத ஊரில் யார் இடம் கொடுப்பார்கள் என்றார். அப்போது நமக்கு இதே தஞ்சைச் சீமையில் நடந்த வேறொரு கடற்கரை யாத்திரை நினைவுக்கு வந்தது, அவருக்கும் சொன்னோம். நம் பழைய சேலம் ஜில்லாவில், ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில், 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. அவ்வூர் பின்னால் 1965 முதல் 2004 வரை தர்மபுரி ஜில்லாவிலேயே இருந்தது. ஆகவே அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி அவர் ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கக் கால்நடையாகப் புறப்பட்டார். தஞ்சை ஜில்லா கலெக்டராயிருந்த தார்ன் துரை, இவர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று பறை சாற்றினார். ஜாகையே குற்றமாகிவிட்டது! ஜனங்கள் என்ன செய்தார்கள்? தொண்டர் வரும் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். இடம் கொடுத்தவர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள். படை ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தது; 30-ஆம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார்.

தாயார் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா நமக்கும் எவனாவது இடம் கொடுப்பான். காலையிலே போலாம்" என்று திரும்பிப் படுத்தார்.

செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்குப் பஸ் போகிறது. 1926-இல் போட்ட ரயில் பாதையும் ஒன்று இருந்தது. 1986-இல் அதை மூடிவிட்டார்கள். 1792-இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் நேரே ராஜ வீதி. வீதியின் முடிவில் கடல். இவ்வளவு சுலபமாகக் கடலைக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் ஊர் வேறு இருக்குமோ, அறியோம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-இல் டேனியர் கட்டிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் இங்கே தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புஸ்தகம் போட்டார். அவர் எழுப்பிய 1718-ஆம் வருஷத்துக் கோயில் அதே வீதியில் உள்ளது. 1845-இல் டேனியர் இந்த ஊரையும் வங்காளத்துச் சிராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். விற்றவனும் அந்நியன், வாங்கியவனும் அந்நியன். ஊர்க்காரனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடலைப் பார்த்த பழைய துரைமார் பங்களா ஒன்று ஹோட்டலாக இருக்கிறது. வாடகை உபாத்தியாயர் சம்பளத்துக்கு உகந்ததன்று. கரையிலிருந்து நாலு நிமிஷ நடையில் சாதாரண அறை ஒன்று கிடைத்தது. சொன்னதைச் சொல்லிவிட வேண்டும்: வெந்நீர் இல்லை, குழாய்த் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது, இரவு எட்டரைக்கு மேல் சாப்பாடு தேட வேண்டியிருந்தது. அறை கீழ்த்தளத்தில் இருந்ததால் தாயாருக்குப் படியேறும் தொல்லை இல்லை. முன்கூட்டி விசாரிப்பவர்கள் 'கடற்கரைக்கு அருகில்' என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். எத்தனை நிமிஷ நடை, எந்தத் தளம், குடிதண்ணீர் எங்கே என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

முதல் இரவு தாயார் தூங்கவில்லை. அலைச் சத்தம். "இந்தக் கடல்தானே அன்னிக்கு ஊருக்குள்ளே வந்தது?" என்று கேட்டார். 2004 டிசம்பர் 26. ஆம் என்றோம். அந்தப் பேரலைக்குப் பின் மீனவர் பலருக்குக் கரையைவிட்டு உள்ளே தள்ளிப் புதிய குடியிருப்புகள் கட்டிக்கொடுத்தார்கள். கடலில் பிழைக்கிறவன் தள்ளிப் போய்ப் படுக்கிறான், பார்க்க வந்தவன் காசு கொடுத்து நெருங்கிப் படுக்கிறான் என்பது நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

விடியுமுன் அவரே நம்மை எழுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடந்தோம். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கரையோரமாக இருக்கிறது. பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன் அருகில் மணலில் உட்கார்ந்தார். நம் கரை கிழக்குக் கரை. சூரியன் கடலிலிருந்துதான் எழும். முதலில் கரியாயிருந்த தண்ணீர் ஈயம் போலாகி, பிறகு ஒரு கோடு சிவந்தது. படகுகள் திரும்பின. தாயார் பேசவில்லை. அலை வந்து புடவையை நனைத்தது, நகர்ந்து உட்காரச் சொன்னோம், அசையவில்லை. அப்படியே இரண்டு மணி நேரம். காலை வெயில் ஏறியதும் எழுந்து அறைக்குப் போனோம்; நாலு நிமிஷம்தானே! சாயங்காலம் மறுபடி வந்தோம். இறங்கிக் குளிக்க விடவில்லை. இந்தக் கரையில் இழுப்பு அதிகம், நீந்தத் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட மாணாக்கர், "அப்படியானால் பொசித்தானோதானா, சார்?" என்றார். அவருடைய மாமியாரும் உடன் வருகிறாரா என்று கேட்டோம். வருகிறாராம், முழங்காலில் வலியாம். "படிக்கட்டு எத்தனை என்று எழுதிக் கேளுங்கள். இருநூறுக்கு மேல் என்றால் சொரெந்தோவில் மூன்று இரவு, கடல் தெரியும் அறையாக. சலேர்னோவில் போகும்போது ஓர் இரவு, ரயிலுக்காக மட்டும்" என்றோம். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரைக்குப் போகிறவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லி எச்சரிப்பது போல, அங்கே குளிர்காலத்தில் படகுகள் பெரும்பாலும் நின்றுவிடும் என்பதையும் ஞாபகப்படுத்தினோம்.

மயிலாடுதுறை அறைக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு இரவு வாடகை திரும்பி வரவில்லை. தாயார் அந்தக் கணக்கை இன்றும் மறக்கவில்லை. ஆனால் வருகிற சித்திரையில் வேதாரண்யம் போக வேண்டுமென்று அவர்தாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அங்கே அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக ஸ்தூபி இருக்கிறதென்று எவரோ சொன்னார்களாம். அறையை மட்டும் தாமே டெலிபோனில் பேசி ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார்.